சந்தேகம் வளர்த்த பழம்

மான்செஸ்டரில் ஆண்டுதோறும் ஒரு சிறு புத்தகம் அச்சாகி வந்தது. ‘கூஸ்பெரி வளர்ப்போர் பதிவேடு’ என்று பெயர். அதன் பெரும்பகுதி வெறும் பட்டியல். எந்த ஊரில், யாருடைய மதுக்கடையில் கண்காட்சி நடந்தது, எந்த ரகம் வென்றது, வளர்த்தவர் யார், பழத்தின் எடை என்ன என்பதைத் தாண்டி அது அதிகம் பேசுவதில்லை. 1845ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 171 கண்காட்சிகளின் விவரம் இருக்கிறது. ஒரே ஒரு பழத்துக்காக, ஒரே கோடையில், 171 இடங்களில் ஆட்கள் கூடித் தராசு தூக்கியிருக்கிறார்கள். தெரியவந்த பிரதிகளில் மிகப் பழையது 1786ஆம் ஆண்டினது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே இந்தக் கூட்டங்கள் நடந்து வந்தன. இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் சார்லஸ் டார்வின். 1868இல் அவர் வெளியிட்ட, வீட்டு விலங்குகளும் பயிர்களும் மனிதர் கையில் எப்படி மாறின என்று ஆராயும் பெருநூலில், கூஸ்பெரிக்கு இரண்டொரு பக்கம் ஒதுக்கி, இந்தப் பதிவேட்டின் எடைகளை வரிசையாக எடுத்து வைக்கிறார். நெசவாளரும் கைவினைஞரும் மதுக்கடையின் பின்னறையில் நடத்திய போட்டியின் முடிவுகள், அந்த நூற்றாண்டின் மிகக் கறாரான இயற்கையியலாளர் ஒருவருக்குச் சான்றாகும் அளவுக்கு எப்படி நம்பகமாயின என்பது விசாரிக்க வேண்டிய விஷயம்.

பழத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நம் நெல்லிக்காய்க்கும் இதற்கும் உறவில்லை. இது குளிர்நாட்டுப் பழம்; முள் அடர்ந்த இடுப்பளவுப் புதரில், மெல்லிய தோலோடு தொங்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என நான்கு நிறம் உண்டு. சங்கங்கள் இதைப் பொற்கொல்லர் எடையில், அதாவது பென்னிவெயிட், கிரெயின் கணக்கில் நிறுத்தன. அந்தக் கணக்கு நமக்குக் கைவசம் இல்லாவிட்டாலும் சவரன் இருக்கிறது. அதுவும் இங்கிலாந்திலிருந்து வந்த நாணயம்தான். காட்டில் தானாக விளையும் கூஸ்பெரி ஏறக்குறைய ஒரு சவரன் எடை. 1786 வாக்கில் கண்காட்சிக்கு வந்த பழம் அதைப்போல இரு மடங்கு. 1817இல் ஐந்து சவரனைத் தாண்டிவிட்டது. 1825இல் ஆறு சவரனுக்குச் சற்று மேல். பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மெல்ல மெல்ல நகர்ந்து, 1844இல் ‘லண்டன்’ என்ற ரகம் ஏழு சவரனை நெருங்கியது. 1852இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் அதே ‘லண்டன்’ ஏழேகால் சவரனைத் தொட்டது. கிராமில் சொன்னால் 58. இதே எடையில் ஒரு சிறிய ஆப்பிள் இருந்ததாக டார்வின் ஒப்பிட்டுக் காட்டுகிறார். அறுபத்தாறு ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கு மடங்கு. இதற்கு எந்த அரசுப் பண்ணையும் உதவவில்லை, எந்தப் பல்கலைக்கழகமும் வழிகாட்டவில்லை. 1804இல் லண்டனில் கனவான்கள் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் பிறக்கும் முன்பே இந்த ஏற்றம் தொடங்கிவிட்டது.

தோட்டச் சங்கங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செடிமேல் கொண்ட காதலிலிருந்து தொடங்குவார்கள். ஆலைப் புகைக்கு நடுவே ஓர் ஏழைத் தொழிலாளி பூவிடம் ஆறுதல் தேடினான் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காதல் எதையும் விளக்குவதில்லை. செடியை நேசிக்கத் தனியாளே போதும். சங்கம் தேவையில்லை, பதிவேடு தேவையில்லை, தராசு நிச்சயமாகத் தேவையில்லை. பக்கத்துத் தெருக்காரன் சொல்லும் எடையை நம்ப முடியாது என்ற இடத்தில்தான் சங்கம் பிறக்கிறது. இந்தச் சங்கங்களின் ஆண்டு முழுவதையும் உற்றுப் பார்த்தால், அவை ஒருவரை ஒருவர் நம்பாத ஆட்கள் கூடி நடத்திய ஏற்பாடுகள் என்பது தெரிகிறது. அந்த அவநம்பிக்கையை விதிகளாக மாற்றியதுதான் அவர்களுடைய சாதனை. பெரிய பழம் அதன் விளைவு.

இப்படி மலரையோ கனியையோ வைத்துப் போட்டியிடும் வழக்கம் அப்போதே பழையது. நாரிச் நகரில் 1631ஆம் ஆண்டு மே மாதம் மலர் வளர்ப்போர் விருந்து ஒன்று நடந்தது. அதற்கென்றே ஒரு நாடகம் எழுதி அரங்கேற்றினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இது வடக்கு இங்கிலாந்தின் தொழில் ஊர்களுக்கும் ஸ்காட்லாந்துக்கும் பரவி, கைத்தொழில் செய்வோரின் சொத்தாகிவிட்டது. பெய்ஸ்லி ஊர் நெசவாளர்கள் இதழோரம் சரிகை போட்டதுபோன்ற பிங்க் மலர்களை உருவாக்கிப் பெயர் பெற்றார்கள். லங்காஷயரில் ஆரிகுலா என்ற மலைப்பூவுக்குச் செப்புக் கெண்டி பரிசு. வேக்ஃபீல்டின் டூலிப் சங்கம் இன்றும் தன் பூக்களைப் பழுப்பு நிற பீர் பாட்டிலில்தான் வைத்துக் காட்டுகிறது. சங்கம் எங்கே பிறந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இவற்றில் கூஸ்பெரிக்கு மட்டும் ஒரு தனி வசதி இருந்தது. கண்ணாடிக் கூடம் வேண்டாம், விலை கொடுத்து வாங்கும் கிழங்கு வேண்டாம். ஒரு குச்சியை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினால் போதும், தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். லங்காஷயரின் குளிரும் ஈரமும் அதற்கு மிகவும் பிடித்தவை.

சங்கத்தின் ஆண்டு, பழம் பறித்து முடிந்த பிறகு தொடங்குகிறது என்று கொள்வதே சரி. இலை உதிர்ந்ததும் கவாத்து. கண்காட்சிக்கு வளர்ப்பவர் புதரைப் புதராக விடுவதில்லை. கிளைகளைப் படுக்கை வாட்டத்தில் பழக்கி, வேண்டாதவற்றைக் கழித்து, நன்கு விளைந்த இளங்கிளைகளை மட்டும் வைத்துக்கொள்வார். வெட்டிய குச்சிகள்தாம் அடுத்த தலைமுறைச் செடிகள். விலைக்கும் போகும், நண்பருக்கும் போகும். குளிர்காலத்தில் வேரைச் சுற்றித் தொழு உரமும் மூடாக்கும். எந்த எருவை எதனோடு, எந்த அளவில் கலப்பது என்பதை யாரும் எளிதில் வாய்திறந்து சொல்லிவிட மாட்டார்கள். ஏப்ரலில் பூக்கும்போது ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டே போயிற்று. மே மாதத்தில் இலை தின்னும் புழு வரும். கவனிக்காத புதரைச் சில நாட்களில் நரம்பு மட்டும் மிஞ்சும்படி மொட்டையாக்கிவிடும். அதற்குக் கையால் பொறுக்குவதுதான் வழி. தறியில் உட்கார்ந்திருப்பவனின் வீட்டில் அந்தக் கை யாருடையது என்று பதிவேடு சொல்வதில்லை. வென்றவர் பெயர் ஒன்றுதான் அதில் ஏறும்.

ஜூனில் கழிப்பு. நூற்றுக்கணக்கில் காய்த்த புதரில் மூன்று நான்கு காய்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிய ஒரு தனி மனத்திண்மை வேண்டும். பசியறிந்த வீட்டில் இதைச் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. லங்காஷயர்க்காரர்களின் முறையைத் தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் கிளாடியஸ் லௌடன் தன் களஞ்சியத்தில் குறித்து வைத்திருக்கிறார். வேருக்கும் தலைக்கும் நீர் ஊற்றுவதோடு நில்லாமல், விட்டுவைத்த ஒவ்வொரு பழத்துக்கும் நேர்கீழே ஒரு சிறு தட்டில் தண்ணீர் வைப்பார்களாம். வளர்ப்போர் பேச்சில் இது பழத்துக்குப் பால் கொடுப்பது. உண்மையில் அந்தத் தட்டுநீர் பழத்தை எவ்வளவு பெருக்கியது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் பயன் இருக்கலாம் என்று தோன்றிய எதையும் விட்டுவைக்காத மனநிலைக்கு அது நல்ல சான்று. ஜூலையில் இன்னொரு தலைவலி. நன்றாகப் பெருத்த பழத்தின் தோல் இழுபட்டு நிற்கும். ஒரு கனமழை பெய்து வேர் சட்டென்று நீரை இழுத்தால் வெடித்துவிடும். வெடித்த பழம் எவ்வளவு கனத்தாலும் தராசு ஏறாது. ஆகவே மழைக்கு மறைப்பு, குளவிக்குக் காவல், பறவைக்கு வலை. பறிக்கும் நாளைத் தேர்வதிலும் ஒரு சூதாட்டம் உண்டு. இன்னும் ஒரு நாள் விட்டால் இன்னும் சில கிரெயின் ஏறும். அல்லது பழமே போய்விடும்.

கண்காட்சி ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வரும். சங்கத்தின் உண்மையான மேதைமை இங்கேதான் வெளிப்படுகிறது. செஷயர் மாவட்டத்தின் நடுப்பகுதி ஊர்களில் இன்றும் இயங்கும் சங்கங்கள் பழைய ஒழுங்கைக் கைவிடவில்லை. போட்டிக்கு முந்தைய நாள் உறுப்பினர் தன் பழத்தைத் தானே தனியாகப் பறிக்கக் கூடாது. இன்னோர் உறுப்பினர் சாட்சியாக அவர் தோட்டத்துக்கு வர வேண்டும். அவர் கண்ணெதிரே பறித்து, பெட்டியில் வைத்து, முத்திரையிட வேண்டும். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் முத்திரை உடையும். அடுத்தவர் தோட்டத்துப் பழத்தையோ சந்தையில் வாங்கிய பழத்தையோ கொண்டுவர இடமில்லை. பழம் முழுதாக இருக்க வேண்டும், உலர்ந்திருக்க வேண்டும். தராசு, கிரெயின் அளவு வேறுபாட்டைக் காட்டக்கூடியது. ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராமுக்குக் குறைவு. நிறம் எதுவானாலும் அனைத்திலும் கனத்த பழத்துக்கு முதல் பரிசு, ஒரே காம்பில் இரண்டாகத் தொங்கும் இரட்டைப் பழத்துக்குத் தனிப் பரிசு, பிறகு நிறவாரியாக வரிசை. விதையிலிருந்து புதிதாக எழுந்து முதன்முறை மேடையேறும் ரகத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. டார்வின் காலத்தில் பரிசு ஐந்து ஷில்லிங் முதல் ஐந்து, பத்து பவுன் வரை இருந்தது. ஒரு கூலிக்காரருக்கு அது விளையாட்டுப் பணமல்ல. பணம் கனமாக இருந்ததால்தான் சந்தேகமும் கனமாக இருந்தது, சந்தேகம் கனமாக இருந்ததால்தான் எண்கள் சுத்தமாக இருந்தன.

ஏன் எடையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். பழம் தின்பதற்கு அல்லவா, சுவையை விட்டுவிட்டு உருவத்தைக் கொண்டாடுவது அசட்டுத்தனம் அல்லவா? இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. மேசைக்கு வரும் சிறிய கூஸ்பெரிகளோடு ஒப்பிட்டால் பல போட்டி ரகங்கள் நாக்குக்குச் சுமார்தான். ஆனால் போட்டியாளர்கள் தாங்களே நடத்தும் சங்கத்தில் சுவைக்கு யார் நீதிபதி? டூலிப்பிலும் ஆரிகுலாவிலும் இதழின் வட்டம், வண்ணத்தின் தெளிவு என்று இலக்கணம் வகுத்துப் பார்த்தார்கள்; ஆனாலும் முடிவு கடைசியில் ஒரு நடுவரின் கண்ணைத்தான் நம்பியிருந்தது. கூஸ்பெரிக்காரர்கள் அந்த நடுவரையும் நீக்கிவிட்டார்கள். தராசுக்கு உறவினர் கிடையாது. அதோடு, எடை ஊர்விட்டு ஊர் செல்லும். மான்செஸ்டரில் அச்சான எண்ணை ஸ்டாஃபர்ட்ஷயர்க்காரர் படித்துத் தன் பழத்தோடு ஒப்பிட முடியும். பத்து ஆண்டு கழித்தும் ஒப்பிட முடியும். சுவையை அப்படி அச்சிட முடியாது. விதையிலிருந்து எழும் கூஸ்பெரி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், காய்த்தவற்றில் பெரும்பாலானவை உதவாதவை. ஒரு வாழ்நாளில் தனியாள் ஒருவர் பார்த்துக் கழிக்கக்கூடிய நாற்றுகள் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான கொல்லைகளில் நடந்த சிறு சிறு முயற்சிகளை ஒரே அளவுகோலில் கோத்து, வென்றதை மட்டும் குச்சி குச்சியாகப் பரப்பியது இந்த அச்சிட்ட எடைதான்.

அடுத்த எதிர்ப்பு, இவை குடிக்கூடங்களின் வியாபாரத் தந்திரம் என்பது. கடைக்காரர் அறையைக் கொடுத்தார், கூட்டம் வந்தது, பீர் விற்றது. இதில் அறிவு எங்கே வந்தது என்பார்கள். கடைக்காரருக்கு ஆதாயம் இருந்தது மறுக்க முடியாதது. ஆனால் அக்காலத் தொழிலாளிக்குக் கூடிப் பேச வேறு கூரை எங்கே இருந்தது? இதே லங்காஷயரில் தாவரவியல் படித்த நெசவாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடையில்தான் கூடினார்கள். செடிகளை மேசைமேல் பரப்பி லத்தீன் பெயர் சொன்னார்கள், சந்தாவில் புத்தகம் வாங்கினார்கள். பிரெஸ்ட்விச் ஊர்த் தாவரவியல் சங்கத் தலைவர் ஜான் ஹார்ஸ்ஃபீல்ட் கைத்தறி நெசவாளர். அவர் உருவாக்கிய டாஃபடில் ரகம் அவர் பெயராலேயே விளங்குகிறது. 1830களிலிருந்து நிலக்கிழார்களும் பாதிரிமார்களும் ஏழைகளுக்கென்று குடிசைத் தோட்டச் சங்கங்களை வைத்து, காய்கறிக்கும் வீட்டுத் துப்புரவுக்கும் பரிசு கொடுத்தார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அங்கே தீர்ப்பு மேலிருந்து வந்தது, நடத்தையும் மதிப்பெண்ணில் சேர்ந்தது. மதுக்கடைச் சங்கம் ஒருவரின் ஒழுக்கத்தைக் கேட்கவில்லை, பழத்தின் எடையைக் கேட்டது. டார்வின் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். புறா வளர்ப்போரின் மன்றங்களில் சேர்ந்து, ஜின் கடைகளில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டவர் அவர்.

மூன்றாவது எதிர்ப்புதான் வலுவானது. எடை ஏறியது கவனிப்பு கூடியதால் இருக்கலாமே. எரு, கவாத்து, நான்கே காய் என்ற கண்டிப்பு, இவற்றில் முன்னேறினார்கள் என்பதைத் தவிர ரகம் மாறியதற்கு என்ன ஆதாரம்? டார்வின் இதைத் தானே எழுப்பித் தானே எதிர்கொள்கிறார். கவனிப்பின் பங்கை அவர் ஒப்புக்கொள்கிறார்; ஆனால் முதன்மையான காரணம் நாற்றுகளைத் தொடர்ந்து பொறுக்கி எடுத்ததே என்கிறார். அவருடைய வாதம் எளியது: 1817இன் வெற்றி ரகமான ‘ஹைவேமேன்’ 1825இல் ‘ரோரிங் லயன்’ காட்டிய எடையைக் கொடுத்திருக்காது. அந்த ‘ரோரிங் லயன்’ பல ஊர்களில் பல கைகளில் வளர்ந்தும், 1852இல் ‘லண்டன்’ தொட்ட உச்சத்தைத் தொடவில்லை. ஒரே ஆண்டில் வெவ்வேறு ரகங்கள் வெவ்வேறு எடையில் நிற்பதைப் பதிவேடு காட்டுகிறது. கவனிப்பு மட்டும் காரணமானால் அந்த இடைவெளி நீடித்திருக்காது. இதில் கவனிக்க வேண்டியது, ரகப் பெயரை எடையோடு சேர்த்து எழுதும் வழக்கம் இல்லாவிட்டால் இந்த வாதமே சாத்தியமில்லை என்பது. அதைப் போட்டியாளர்கள் அறிவியலுக்காக எழுதவில்லை. அடுத்த ஆண்டு எந்தக் குச்சியை வாங்குவது என்று தெரிந்துகொள்ள எழுதினார்கள்.

நெசவாளர் தோட்டம் என்ற படிமத்தையும் இந்தப் பதிவேடு கொஞ்சம் கலைத்துவிடுகிறது. தன் வீட்டுத் தறியில் நெய்பவன் நினைத்த நேரத்தில் எழுந்துபோய் செடியை மூடலாம், ஆலை மணி வந்ததும் அந்தச் சுதந்திரம் போய்ச் சங்கங்களும் அழிந்தன என்பது பரவலான விளக்கம். மணிக்கு மணி நிழல் மாற்ற வேண்டிய டூலிப்புக்கும் ஆரிகுலாவுக்கும் அது பொருந்தலாம். நம்மூர்க் கைத்தறியை நசுக்கிய அதே விசைத்தறி லங்காஷயர்க் கைத்தறியையும் 1830கள், 40களில் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தது. ஆனால் 171 கண்காட்சிகள் நடந்தது 1845இல். தறி விழுந்தபோது கூஸ்பெரி விழவில்லை என்றால், அது ஒரு தொழிலின் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. வேறு தொழில் செய்தவர்களும் அதில் இருந்திருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொண்டால் போதும் என்ற அந்தப் புதரின் இயல்பும் ஆலைத் தொழிலாளிக்கு இசைவானது.

சங்கங்களின் உண்மையான குறை அவற்றின் பலத்திலேயே இருந்தது. தராசு எதை அளந்ததோ அது வளர்ந்தது. அளக்காதது தற்செயலுக்கு விடப்பட்டது. நோய் தாங்கும் திறனுக்கு எடை கிடையாது. 1900இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய் அயர்லாந்தில் தென்பட்டது, சில ஆண்டுகளில் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஊட்டி வளர்த்த பெருங்கனி ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதை எதிர்க்கச் சக்தியில்லை. நோய் எதிர்ப்பைத் தேடியவர்கள் பின்னால் வந்த ஆராய்ச்சி நிலையத்தார். இன்று வீட்டுத் தோட்டங்களில் பரவலாக இருக்கும் ‘இன்விக்டா’ கென்ட் மாவட்டத்து ஈஸ்ட் மாலிங்கில் உருவானது. பழைய சங்கங்களில் மிஞ்சியவை சில. யார்க்ஷயரின் எக்டன் பிரிட்ஜில் 1800இல் தொடங்கிய கண்காட்சி ஆகஸ்டின் முதல் செவ்வாயன்று இன்றும் நடக்கிறது; செஷயரில் கூஸ்ட்ரி சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில. ‘லண்டன்’ எட்டிய எடையோடு கூஸ்பெரி தன் எல்லையைத் தொட்டிருக்கலாம், முற்றிலும் புதிய ரகம் ஒன்று எழுந்தால் தவிர, என்று டார்வின் ஊகித்தார். 2019இல் எக்டன் பிரிட்ஜில் நிறுத்த பழம் 64 கிராமைத் தாண்டி உலகச் சாதனையானது. 1786இலிருந்து 1852க்குள் ஏறியது நாற்பது கிராமுக்கு மேல். அதற்குப் பின் வந்த 167 ஆண்டுகளில் ஏறியது ஏழு கிராமுக்கும் குறைவு.